மாமியார் பக்கத்தில் நிற்கும்போது எப்படிக் கேட்பது? மகப்பேறு ஓபியில் ரகசியம் காப்பது பற்றி

கேள்வி: ஓபி_சிஸ்டர்_தெற்கு

வணக்கம். தென் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். நாற்பது படுக்கை உள்ள தனியார் மகப்பேறு ஆஸ்பத்திரியில் ஓபி இன்சார்ஜாக இருக்கிறேன். சமீபத்தில் நடந்த ஒன்று மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. ஆள் தெரியாதபடி சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன்.

டாக்டர் அறைக்கு வெளியே எங்களுக்கு ஒரு மேஜை உண்டு. எடை, பிபி எல்லாம் அங்கேதான். கடைசியாகத் தலைக்குக் குளித்த தேதி, எத்தனையாவது கர்ப்பம், இதற்கு முன் கலைந்திருக்கிறதா என்று கேட்டுச் செக்கப் புத்தகத்தில் எழுதுவதும் அதே மேஜையில்தான். இரண்டடி தள்ளி பெஞ்சு வரிசை ஆரம்பித்துவிடும். ஃபேன் சத்தம், குழந்தைகள் அழுகை எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டுமே என்று எங்கள் நர்ஸ் பிள்ளைகள் சத்தமாகத்தான் கேட்பார்கள்.

கல்யாணமாகிச் சில மாதமே ஆன ஒரு பெண் மாமியாரோடு வந்தாள். "இதுக்கு முன்னாடி கலைஞ்சிருக்காம்மா?" என்று சிஸ்டர் கேட்டாள். அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள் மாமியார், "இதுதான் தலைச்சன்" என்று சொல்லிவிட்டார். சிஸ்டரும் அப்படியே எழுதிவிட்டாள். உள்ளே திரைக்குப் பின்னால் படுக்க வைத்தபோதுதான், கல்யாணத்துக்கு முன்பு ஒரு முறை கலைத்ததை அவள் டாக்டரிடம் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். டாக்டர் வழக்கம்போலப் புத்தகத்தில் ஜி2 ஏ1 என்று, அதாவது இரண்டாவது கர்ப்பம், ஒன்று கலைந்தது என்று, திருத்தினார். வெளியே வந்ததும் புத்தகத்தைக் கையில் வாங்கியது மாமியார். அவருடைய மூத்த மருமகளுக்கும் எங்களிடம்தான் பிரசவம். அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.

அந்தப் பெண் அப்புறம் எங்களிடம் வரவில்லை. ஊரில் காதில் விழுந்ததை இங்கே எழுத எனக்கு விருப்பமில்லை.

இப்போது என்ஏபிஹெச் என்ற ஆஸ்பத்திரித் தர அங்கீகாரத்துக்குத் தயாராகிறோம். நோயாளியின் உரிமைகள் என்று பெரிய போர்டு எழுதி ரிசப்ஷனில் மாட்டியாயிற்று. அதற்கு நேர் கீழேதான் இந்த மேஜை இருக்கிறது. தினமும் பார்க்கும்போது எனக்கு வயிறு எரிகிறது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். கூட வந்தவரை மனம் நோகாமல் எப்படி நகர்த்துவது? புத்தகத்தில் எதை எழுதுவது, எதை விடுவது? லேப் ரிப்போர்ட்டை யார் வந்து கேட்டாலும் கொடுக்கிறோம், அதை எப்படி மாற்றுவது? பேரைச் சொல்லிக் கூப்பிடாமல் டோக்கன் மட்டும் வைக்கலாம் என்றால், ஒரே நாளில் மூன்று முத்துலட்சுமி வருகிறார்கள், ஆள் மாறிவிடும் என்று டாக்டர் பயப்படுகிறார். அவர் பயமும் நியாயம்தானே?

---

பதில்: பேறுகால_டாக்டர்_மதுரை

சிஸ்டர், மேனேஜ்மென்டிடம் பேசும்போது மருத்துவக் காரணத்தை முதலில் வையுங்கள். உரிமை என்று ஆரம்பித்தால் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். தாயும் பிள்ளையும் என்று சொன்னால் உட்கார்ந்து கேட்பார்கள்.

அந்தப் பெண்ணின் ரத்த வகை ஆர்ஹெச் நெகடிவாக இருந்திருந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். முன்பு கலைத்தபோது, எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி போட்டார்களா என்பது எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும். போடாமல் விட்டு, உடம்பில் அது உருவாகியிருந்தால் இந்தக் குழந்தையின் ரத்த அணுக்களை அழிக்கும். டி அண்ட் சி, அதாவது உள்ளே சுரண்டிச் சுத்தம் செய்த கர்ப்பப்பை என்றால் நஞ்சுக்கொடி எங்கே ஒட்டியிருக்கிறது என்று ஸ்கேனில் இன்னும் கவனமாகப் பார்ப்பேன். மாமியார் முன்னால் கேட்டால் கிடைப்பது பொய்யான பதில். அதை நம்பி வைத்தியம் பார்ப்பது நான். ஆகவே தனியாகக் கேட்பது நல்ல மருத்துவத்தில் சேர்ந்தது, கூடுதல் மரியாதை என்று நினைத்துவிட வேண்டாம்.

எப்படி நகர்த்துவது என்றால், யாரையும் நகர்த்தாதீர்கள். எல்லோருக்கும் ஒரே விதி வையுங்கள்: எடை பார்க்கும் இடத்துக்குக் கர்ப்பிணி மட்டும். அறை இல்லையென்றால் ஒரு மூலையில் திரை, ஒற்றை ஸ்டூல். இரண்டாவது ஸ்டூல் போட்டால் யாராவது வந்து உட்காருவார்கள். எங்களிடம் சிறுநீர் டப்பாவைக் கொடுத்து டாய்லெட்டுக்கு அனுப்பும்போது சிஸ்டரும் கூடவே நடப்பார். அந்தப் பத்தடி தூரத்தில்தான் நிஜமான கேள்விகளைக் கேட்கிறோம். கலைந்ததா, கலைத்ததா, வீட்டில் அடி உதை உண்டா, மாத்திரை ஏதாவது மறைத்துச் சாப்பிடுகிறாயா, எல்லாம் அங்கேதான். ஒரு மாமியாரும் அதில் சந்தேகப்பட்டதில்லை.

புத்தக விஷயம் கொஞ்சம் சிக்கல். நான் அவளிடமே கேட்டுவிடுவேன்: "இதை உன் புத்தகத்துல எழுதட்டுமா, எங்க ஃபைல்ல மட்டும் வெச்சுக்கட்டுமா?" ஃபைலில் முழு விவரமும் இருக்க வேண்டும், அதில் சமரசம் கிடையாது. ஃபைலில் மட்டும் போதும் என்று அவள் சொன்னால் ஒன்றைக் கட்டாயம் சொல்லி அனுப்புவேன்: ராத்திரி ரத்தப்போக்கு வந்து வேறு ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால், அங்கே இருக்கும் டாக்டரிடம் இதை நீயே சொல்ல வேண்டும். அவள் தலையாட்டினால் போதாது, திருப்பிச் சொல்ல வைப்பேன்.

---

பதில்: நெல்லைக்காரன்_72

வித்தியாசமாகச் சொல்கிறேன், கோபப்பட வேண்டாம். ராத்திரி பகலாக ஆஸ்பத்திரி வராண்டாவில் படுப்பது நாங்கள். ரத்தம் கொடுப்பது நாங்கள். பில் கட்டுவது நாங்கள். எங்களிடம் மறைத்து வைத்தியம் பார்ப்பது என்ன நியாயம்? நாளைக்கு ஒன்று ஆகிவிட்டால் "வீட்டில் சொல்லவே இல்லையே" என்று எங்களிடம்தானே கேட்பார்கள்?

---

பதில்: பழைய_ரெக்கார்டு_ரூம்

நெல்லைக்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது, அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மருத்துவப் பதிவேட்டுத் துறையில்தான் என் உத்தியோக காலம் முழுவதும் போனது. எம்ஆர்டி என்றால் ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்கே கேஸ் ஷீட் கட்டிவைக்கும் குடோன் என்றுதான் நினைப்பு.

ஐயா, பணம் கட்டுபவருக்கு ரசீது உண்டு, என்ன செலவு என்ற கணக்கு உண்டு. ஆனால் நோயின் கதை நோயாளிக்குச் சொந்தம். அவர் யாரிடம் சொல்லச் சொல்கிறாரோ அவரிடம் சொல்லலாம். அதற்கு நாங்கள் கண்ட வழி மிக எளிது. அட்மிஷன் போடும்போதே, நோயாளி தெளிவாக இருக்கும்போது, தனியாக ஒரு கேள்வி: "உங்க உடம்பைப் பத்தி யார்கிட்ட பேசலாம்?" ஒரு பேர், மிஞ்சினால் இரண்டு பேர், உறவு, போன் நம்பர், நோயாளியின் கையெழுத்து. இதைக் கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்தில் வைத்துவிட வேண்டும். நிறையப் பேர் கணவர் பேரையும் மாமியார் பேரையும் தாங்களாகவே எழுதுவார்கள். சிலர் அக்கா பேரை மட்டும் எழுதுவார்கள். அதற்கு ஏன் என்று கேட்கக் கூடாது. நினைவு தப்பிய நோயாளி, உயிருக்கு ஆபத்து என்றால் நெருங்கிய உறவிடம் பேசித்தான் ஆக வேண்டும், அது வேறு.

சட்டம் தெரிந்தால் உங்கள் குரலுக்குப் பலம் வரும், சிஸ்டர். மருத்துவ கவுன்சிலின் 2002 நடத்தை விதிகள், தொழிலில் தெரிந்துகொண்ட நோயாளியின் ரகசியத்தை டாக்டர் வெளியிடக் கூடாது என்கின்றன. நீதிமன்ற உத்தரவு, குறிப்பிட்ட ஒருவருக்கோ சமூகத்துக்கோ கடுமையான ஆபத்து, அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்கள், இவ்வளவுதான் விலக்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்டில் சொல்லிவிட்டது.

கருக்கலைப்புக்கு இதைவிடக் கறாரான விதி இருக்கிறது. நிறைய ஆஸ்பத்திரிகளில் இது தெரியாது என்பதுதான் என் ஆதங்கம். 2003 ஒழுங்குமுறைகளின்படி, கருக்கலைப்புக்கான அட்மிஷன் ரெஜிஸ்டர் ஒரு ரகசிய ஆவணம். பெண்ணின் பேர் அதில் மட்டும்தான் இருக்க வேண்டும். கேஸ் ஷீட், தியேட்டர் ரெஜிஸ்டர், ஃபாலோ-அப் அட்டை எதிலும் பேர் வரக் கூடாது, அந்த ரெஜிஸ்டரில் கொடுத்த வரிசை எண்தான் வர வேண்டும். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகு, சட்டம் அனுமதித்தவரைத் தவிர வேறு யாரிடமாவது அந்தப் பெண்ணின் பேரையோ விவரத்தையோ டாக்டர் வெளியிட்டால் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டுமே போதும், புருஷன் கையெழுத்து சட்டத்தில் கிடையாது. உங்கள் தியேட்டர் ரெஜிஸ்டரை இன்றைக்கே எடுத்துப் பாருங்கள், பேர் எழுதியிருக்கிறதா என்று. தியேட்டர் கதவில் ஒட்டும் அன்றாட லிஸ்ட்டையும் பாருங்கள். பேரும் ஆபரேஷனும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், டீ கொண்டுவரும் பையன்வரை படிப்பான்.

ரிப்போர்ட்டுக்கு வருவோம். பில்லோடு ஒரு சீட்டு கொடுங்கள், அதைக் கொண்டுவருபவருக்குத்தான் ரிப்போர்ட், அதுவும் ஒட்டிய கவரில். சீட்டு இல்லையென்றால் பதிவில் உள்ள நம்பருக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கொடுங்கள். "ஊர்க் கவுன்சிலர் பேசுறேன், எங்க ஆளு எப்படி இருக்காரு" என்று வரும் போனுக்கு ஒரே பதில்: "போன்ல சொல்ல மாட்டோங்க, நேர்ல வந்து அவங்களையே கேளுங்க." இதை ரிசப்ஷன் பெண் சொன்னால் அவள் வேலை போய்விடும் என்று பயப்படுவாள். நிர்வாகி கையெழுத்துப் போட்ட உத்தரவாக அது அவள் மேஜையில் இருக்க வேண்டும். விதியைக் காப்பாற்றும் பெண்ணை யார் காப்பாற்றுவார்கள் என்று கேட்காமல் போடும் விதி எதுவும் ஒரு வாரம் தாங்காது.

நம் ஆட்களே படுத்தால்தான் ரொம்ப மோசம். ஒரு லேப் டெக்னீஷியன் பெண் அட்மிட் ஆனாள் என்றால், அன்று சாயங்காலத்துக்குள் மூன்று மாடியிலும் அவளுக்கு என்ன என்று தெரிந்திருக்கும். அக்கறையில்தான் ஃபைலைப் புரட்டுகிறார்கள். ஆனால் சிகிச்சைக்கு அந்த ஃபைல் தேவைப்படாத ஒவ்வொருவரும் அதைத் திறந்தது தப்புதான்.

கடைசியாகப் பழைய பேப்பர். உள்நோயாளியின் பதிவுகளைச் சிகிச்சை ஆரம்பித்த நாளிலிருந்து மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும். நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் நகல் கொடுக்க வேண்டும். அதுவும் அதே 2002 விதிகளில்தான் இருக்கிறது. அந்த மூன்று வருடம் முடிந்த பிறகு என்ன செய்கிறோம்? எடைக்குப் போடுகிறோம். ஒருமுறை கோயில் வாசலில் எனக்குச் சுண்டல் மடித்துக் கொடுத்த தாளில் ஒரு பெண்ணின் பேர், வயது, தெரு, குழந்தையின்மைக்கான ஹார்மோன் டெஸ்ட் ரிசல்ட் எல்லாம் அச்சடித்தபடி இருந்தது. எந்த லேப் என்பதும் மேலேயே இருந்தது. அன்று முதல் எங்கள் இடத்தில் துண்டு துண்டாக வெட்டாமல் ஒரு தாளும் வெளியே போகவில்லை. வெட்டும் மெஷின் வாங்குங்கள், சிஸ்டர். பெரிய விலை இல்லை.

---

பதில்: பேர்_வேண்டாம்

நான் ஆஸ்பத்திரிக்காரி இல்லை. எச்ஐவி உள்ளவள், இரண்டு பிள்ளைக்குத் தாய். பிள்ளைகள் இரண்டுக்கும் நெகடிவ். கூட்டு மருந்து ஒழுங்காகச் சாப்பிட்டேன், குழந்தைகளுக்கும் மருந்து கொடுத்தார்கள்.

முதல் பிரசவம் ஒரு தனியார் இடத்தில். என் கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் பெரிதாக எழுதி வட்டம் போட்டிருந்தார்கள். கட்டில் காலில் தொங்கியது. கூட்டுகிற அம்மா அதைப் பார்த்துவிட்டு என் கட்டிலுக்கு அடியில் மட்டும் துடைக்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் வேறு வார்டு கேட்டு வாங்கிக்கொண்டார்கள். பால் வாங்கிக் கொடுத்த என் நாத்தனார் மறுநாள் வரவில்லை.

இரண்டாவது அரசு ஆஸ்பத்திரியில். எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் இருந்த கவுன்சிலர் அக்கா, என் ஃபைலில் எங்கே அது எழுதப்படும், யார் யார் பார்ப்பார்கள் என்று முதலிலேயே சொன்னார். பிரசவம் பார்க்கும் டாக்டருக்கும் சிஸ்டருக்கும் குழந்தை டாக்டருக்கும் தெரியும், வேறு யாருக்கும் தெரிய வேண்டியதில்லை என்றார். அப்படியே நடந்தது. 2017 எச்ஐவி சட்டம் அதைத்தான் சொல்கிறது என்றும், 2018 செப்டம்பரிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது என்றும் அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார். என் அனுமதி இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது. சிகிச்சைக்குத் தேவையென்றால் சிகிச்சை தருபவர்கள் தங்களுக்குள் பகிரலாம். புருஷனிடம் சொல்வதற்கும் முறை இருக்கிறது. டாக்டரோ கவுன்சிலரோ மட்டும்தான் சொல்லலாம், முதலில் நம்மிடம் பேசிவிட்டுத்தான் சொல்ல வேண்டும். சொன்னால் அடித்துத் துரத்துவார்கள் என்ற பயம் இருந்தால் அங்கே சொல்லக் கூடாது.

சிவப்பு மை எங்கள் பாதுகாப்புக்கு என்று சிஸ்டர்கள் சொல்வார்கள். எல்லா நோயாளிக்கும் ஒரே மாதிரி கையுறை போட்டால் சிவப்பு மை எதற்கு? டெஸ்ட் எடுக்காத ஆள் எத்தனை பேர் வருகிறார்கள்? உங்கள் மேஜையை நகர்த்த நினைத்தீர்களே, அதற்கே உங்களுக்கு என் கும்பிடு, சிஸ்டர்.

---

பதில்: வார்டு_சாஃப்ட்வேர்_ஆள்

கம்ப்யூட்டர் பக்கம் கொஞ்சம் சொல்கிறேன். ஆஸ்பத்திரி மென்பொருள் போட்டுத் தருவது என் வேலை. போகிற இடத்தில் எல்லாம் நர்சிங் ஸ்டேஷனில் ஒரே லாகின், பாஸ்வேர்டு மானிட்டரில் ஒட்டியிருக்கும். யார் எந்த ஃபைலைத் திறந்தார்கள் என்று மென்பொருள் எழுதி வைக்கத்தான் செய்கிறது. எல்லோரும் ஒரே பேரில் நுழைந்தால் அந்தப் பதிவு எதற்கும் உதவாது. ஆளுக்கொரு லாகின் போடுங்கள், மாதம் ஒருமுறை ரெக்கார்டு ரூம் ஐயா சொன்ன மாதிரி ஸ்டாஃப் ஃபைல்களை யார் பார்த்தார்கள் என்று எடுத்துப் பாருங்கள். பார்க்கிறோம் என்று தெரிந்தாலே பாதி குறையும்.

வாட்ஸ்அப்பை யாரும் சொல்லவில்லையே. ராத்திரி டியூட்டி டாக்டர் சிடிஜி ஸ்ட்ரிப் (வயிற்றில் இருக்கும் குழந்தையின் இதயத் துடிப்பு வரைபடம்), ஸ்கேன் எல்லாம் போட்டோ எடுத்துப் பெரிய டாக்டருக்கு அனுப்புகிறார். உயிர் காக்கும் வேலை, நிறுத்தச் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் படம் தானாக கேலரியில் சேர்ந்து, அங்கிருந்து கூகுள் போட்டோஸுக்குப் போய், வீட்டில் குழந்தை விளையாடும் டேப்லெட்டிலும் வந்து நிற்கும். மீடியா தானாகச் சேமிப்பதை அணைத்துவிடச் சொல்லுங்கள். ஆஸ்பத்திரியே ஒரு போன் வாங்கிக் கொடுத்தால் இன்னும் நல்லது. பேரை மறைத்து ஐபி நம்பரும் (உள்நோயாளி எண்) கட்டில் நம்பரும் தெரிய வேண்டும். இரண்டையும் மறைத்தால் ஒருவர் ஸ்கேனுக்கு இன்னொருவருக்கு வைத்தியம் நடந்துவிடும். நாற்பது பேர் இருக்கும் குரூப்பில் போடவே கூடாது.

பெரிய இடத்துக்குத்தான் ஆபத்து என்று நினைக்க வேண்டாம். 2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் சர்வர்களை முடக்கிவிட்டார்கள், அங்கே ஓபி சீட்டு முதல் எல்லாம் நாள்கணக்கில் கையால் எழுத வேண்டியதாயிற்று. உங்கள் சர்வர் ரிசப்ஷன் மேஜைக்கு அடியில் இருக்கும் ஒரு சிபியு. 2023ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டுவிட்டன. முக்கியமான கடமைகளுக்குப் பதினெட்டு மாத அவகாசம். தரவைச் சரியாகப் பாதுகாக்காவிட்டால் அபராதத்தின் உச்சவரம்பு 250 கோடி ரூபாய். உங்கள் மேனேஜரிடம் அந்த எண்ணை மட்டும் சொல்லுங்கள், சிபியு பூட்டிய அறைக்குப் போய்விடும்.

---

ஓபி_சிஸ்டர்_தெற்கு

எல்லோருக்கும் நன்றி. பேர்_வேண்டாம் அக்கா, உங்கள் பதிலை எங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்டினேன். சிவப்பு மை எங்களிடமும் இருந்தது, எடுத்துவிட்டோம்.

மேஜை பழைய ஊசி அறைக்குப் போகிறது. ஒரே ஒரு ஸ்டூல். தியேட்டர் ரெஜிஸ்டரில் பேர் இருந்தது, டாக்டரிடம் விதியைக் காட்டினேன், மாற்ற ஒத்துக்கொண்டார். டோக்கன் விஷயம் மட்டும் இன்னும் இழுபறி. மூன்று முத்துலட்சுமிக்கு என்ன வழி?

---

பேறுகால_டாக்டர்_மதுரை

வெளியே நம்பரைக் கூப்பிடுங்கள். உள்ளே வந்து உட்கார்ந்ததும் "உங்க பேரு, வயசு, வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க" என்று அவர்களையே சொல்ல வையுங்கள். "நீங்க முத்துலட்சுமிதானே?" என்று கேட்டால் மூன்று பேரும் ஆமாம் என்பார்கள். சொன்னதை ஃபைலோடும் ஆஸ்பத்திரி நம்பரோடும் ஒத்துப் பார்த்த பிறகுதான் ஊசியோ ஸ்கேனோ. வெளியே பேரைக் கத்துவதைவிட இதில் ஆள் மாறும் வாய்ப்பு குறைவு, உங்கள் டாக்டரிடம் நானே வேண்டுமானாலும் பேசுகிறேன். பெரிய எழுத்தில் நம்பர் அச்சடித்த டோக்கன் போடுங்கள், வயதான அம்மாக்களுக்குக் கண் தெரியாது. காது கேளாதவர்களுக்கு மட்டும் ஒரு சிஸ்டர் எழுந்து போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வரட்டும்.